கப்பல் ஏன் மெட்ராஸ் வரை போனது? சாட்ஸ்வர்த் எட்டாம் வகுப்பில் ஒரு பாடம் மாறிய விதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிப்ரவரி என்றால் புழுக்கம். ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தாலும் பிள்ளைகளின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அந்த மாதத்தில்தான் எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் 1860 வரும். டர்பன் இருக்கும் பகுதி அன்று நேட்டால் என்ற பிரிட்டிஷ் காலனி; அதன் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்த பாடம். டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் இதைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பும் எடுக்கிறேன். என் குடும்பமும் அந்தக் கப்பல்களில் ஒன்றில் வந்ததுதான்.

அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்து இந்தப் பாடத்தை வினவிக் கற்கும் முறைக்கு மாற்றிப் பார்த்தோம். இரண்டு வருஷம் நடந்தது. முதல் வருஷம் சரியாக வரவில்லை. ஏன் வரவில்லை, அடுத்த வருஷம் எதை மாற்றினோம், அதனால் எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்பதை இதே வேலையில் இருக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கையில் இருந்த நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். 7 முதல் 9 வரையுள்ள வகுப்புகளுக்கு காப்ஸ் என்ற தேசியப் பாடத்திட்டம் 2014இல் வந்தது. சமூக அறிவியலுக்கு வாரம் மூன்று மணி நேரம். அதில் பாதி புவியியலுக்குப் போய்விடும். வரலாற்றுக்கு ஒரு பருவத்தில் மிஞ்சுவது தேர்வையும் சேர்த்து 15 மணி நேரம். வரலாறு என்பது ஒரு தேடல் என்று அதே பாடத்திட்டம் தொடக்கத்திலேயே சொல்கிறது. பக்கத்தைத் திருப்பினால் பிரிட்டனின் தொழிற்புரட்சி, நேட்டால் கரும்பு, கிம்பர்லி வைரம் என்று பாடம் வரிசைகட்டி நிற்கிறது.

இன்னொரு தயக்கமும் இருந்தது. 1998இல் வகுப்புகளுக்கு வந்த கரிக்குலம் 2005 என்ற பழைய பாடத்திட்டம் எங்களில் மூத்தவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. பிள்ளைகள் தாமே கண்டறிய வேண்டும், பாடப்பொருளை ஆசிரியர் தாமே தயாரிக்க வேண்டும் என்றார்கள். நூலகமும் நகல் இயந்திரமும் இல்லாத பள்ளிகளில் அது வெறுங்கையால் முழம் போட்ட கதை ஆனது. அதனால் நான் பேச்சை எடுத்ததுமே எங்கள் குழுவில் மூத்தவர், "மறுபடியுமா அம்மா?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். இந்த முறை ஆதாரங்களை நாங்களே முன்கூட்டித் தேடி, நகல் எடுத்து, எண்ணி வைத்துவிட்டுத்தான் வகுப்புக்குள் போவது என்று பேசிக்கொண்டோம்.

அமெரிக்காவில் சமூக அறிவியல் ஆசிரியர்களின் தேசியக் கவுன்சில் 2013இல் வெளியிட்ட சி-3 சட்டகத்தையும், அதையொட்டி வந்த பாட வடிவமைப்பு மாதிரியையும் எடுத்துக்கொண்டோம். ஒரு மையக் கேள்வி. அதற்கு ஏறிப்போகும் படிகளாக மூன்று நாலு துணைக் கேள்விகள். ஒவ்வொரு படியிலும் ஒரு சின்ன எழுத்து வேலை, அதற்கு வேண்டிய ஆதாரங்கள். கடைசியில் பிள்ளை தன் வாதத்தை எழுத வேண்டும். முழுத் திட்டமும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். எங்களுக்குப் பிடித்தது அந்தச் சிக்கனம்தான்.

முதல் வருஷம்

நாங்கள் எழுதிய மையக் கேள்வி இது: "கரும்புத் தோட்டத்துத் துன்பங்களை நம் முன்னோர் எப்படி வென்றார்கள்?" எழுதியபோது நாலு பேருக்கும் அழகாகத்தான் பட்டது. பிள்ளைகளும் ஆர்வமாகச் செய்தார்கள். வீட்டில் ஆயாவையும் தாத்தாவையும் கேட்டார்கள், பழைய போட்டோக்களைக் கொண்டுவந்தார்கள். கடைசியில் சுவரில் ஒட்டிய அட்டைகளைப் பார்த்தபோதுதான் மனசுக்குச் சங்கடமாகிவிட்டது. எல்லா அட்டையும் ஒரே அட்டை. ஒரு கப்பல், ஒரு கரும்புக் கட்டு, காந்தியின் கண்ணாடி, ஒரு கோயில் கோபுரம், அப்புறம் பட்டமளிப்பு அங்கியில் ஒரு பேரப்பிள்ளை. வந்தார்கள், கஷ்டப்பட்டார்கள், கோயில் கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை எழுத ஒரு பிள்ளைகூட ஓர் ஆதாரத்தையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. துன்பம் இருந்தது, வென்றார்கள் என்று பதில் கேள்விக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

"நம்" என்ற சொல்லிலும் கோளாறு. என் வகுப்பில் பாதிப் பேர் இந்த மண்ணின் ஆப்பிரிக்க மொழியான ஜூலு பேசும் வீட்டுப் பிள்ளைகள். ஆற்றுக்கு அப்பால் உம்லாசியிலிருந்து காலையில் டாக்சி பிடித்து வருகிறவர்கள் பலர். தமிழில் நாம் என்றும் நாங்கள் என்றும் இரண்டு சொல் இருக்கிறது. வகுப்பில் ஆங்கிலத்தில் பேசும்போது அந்த வித்தியாசம் மறைந்துபோகிறது. நான் "நாம்" என்று நினைத்துக் கேட்ட கேள்வி அவர்கள் காதில் "நாங்கள்" என்றுதான் விழுந்திருக்கும்.

அதை எனக்குக் காட்டியவள் உம்லாசிப் பெண் ஒருத்தி. அட்டையைச் சுத்தமாக வரைந்திருந்தாள். இடைவேளையில் மேசைக்கு வந்து கொடுத்தவள் போகாமல் நின்றாள்.

"மேம், இங்கே நாங்கள் இத்தனை பேர் இருந்தோமே. எதற்கு மெட்ராஸ் வரை கப்பல் அனுப்பி ஆள் கொண்டுவந்தார்கள்?"

பாடப்புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன்: ஜூலுக்கள் தோட்ட வேலைக்கு வர விரும்பவில்லை.

"ஏன் விரும்பவில்லை?"

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் மெதுவாகக் கேட்டாள்: "சோம்பேறிகள் என்றா புத்தகம் சொல்கிறது?"

மணி அடித்தது, அவள் போய்விட்டாள். பல ஆண்டுகளாக நானே வாயால் சொல்லிவந்த ஒற்றை வரி. அந்த வரி யாருடைய வாயிலிருந்து முதலில் வந்தது என்று நான் கேட்டதே இல்லை. ஆள் கிடைக்காத தோட்ட முதலாளிகள் ஜூலுக்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டது அது. சாட்ஸ்வர்த், ஒவ்வோர் இனமும் தனித்தனிப் பகுதியில்தான் வாழ வேண்டும் என்ற 1950இன் இனவாரிப் பகுதிச் சட்டத்தின் பேரில் இந்தியர்களுக்கென்று உண்டான ஊர். 1949 ஜனவரியில் டர்பனில் இந்தியரும் ஆப்பிரிக்கரும் மோதிக்கொண்டதும், 2021 ஜூலைக் கலவரத்தில் இந்தியர் அதிகம் வாழும் பீனிக்ஸில் ஆப்பிரிக்கர்கள் கொல்லப்பட்டதும் எங்கள் வீடுகளில் தாழ்ந்த குரலில் பேசப்படுகிற விஷயங்கள். இப்படிப்பட்ட இடத்தில் அந்த வரியை விளக்காமல் விட்டுவிட்டுப் போவது சின்ன தவறு இல்லை.

கேள்வி மாறியது

அடுத்த வருஷத் திட்டத்துக்கு அவளுடைய கேள்வியையே மையக் கேள்வியாக வைத்தோம்: நேட்டாலில் இத்தனை மக்கள் இருந்தும் 1860இல் தோட்ட முதலாளிகள் மெட்ராஸிலிருந்து ஆள் கொண்டுவந்தது ஏன்? இதற்கு எந்த வீட்டிலும் தயார்ப் பதில் கிடையாது. என் வீட்டிலும் இல்லை. தமிழ்க் குடும்பமான கோவேந்தர் வீட்டுப் பையனும் உம்லாசிப் பெண்ணும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆதாரங்களை முதலில் பத்துக்கு மேல் சேர்த்துவிட்டோம். அத்தனையும் எங்களுக்குப் பிரியமானவை. மூத்தவர்தான் கத்தரித்தார். மிஞ்சியவை ஐந்து. ஜூலு மக்களுக்கென்று காலனி அரசு ஒதுக்கிய நிலங்களைக் காட்டும் வரைபடம். குடிசைக்கு 7 ஷில்லிங் என்று 1849இல் வந்த வரி. 1859இன் 14ஆம் எண் சட்டத்தின் பேரில் வந்தவர்களின் கூலி விவரம்: முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். கப்பல் பட்டியலின் ஒரு பக்கம். கடைசியாக, 1871இல் மெட்ராஸ் திரும்பியவர்கள் அங்கே போய் முறையிட்டதும், அதனால் 1872இல் நேட்டாலில் விசாரணைக் குழு அமைந்ததும். தொழிலாளர்களின் சொந்தக் குரல் கேட்கும் இடம் இந்த ஐந்தில் அது ஒன்றுதான், அதனால் அதை விடவே கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். அந்த முறையீட்டுக்குப் பிறகுதான், 1866இல் நின்றுபோயிருந்த கப்பல்கள் 1874இல் மறுபடி வரத் தொடங்கின.

பின்னணியை ஒரே வகுப்பில் நானே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் பிள்ளைகளே தேடட்டும் என்று விட்டால் 15 மணி நேரம் போதாது, வெறும் ஊகம்தான் வளரும். பிரிட்டன் நேட்டாலை எடுத்துக்கொண்டது 1843இல். எட்மண்ட் மோர்வுட் என்பவர் கடலோரத்தில் கரும்பு பயிரிட்டு 1851இல் சர்க்கரை எடுத்துக் காட்டினார். மொரீஷியஸில் அடிமை முறை ஒழிகிற சமயத்தில், 1834 முதல் இந்தியாவிலிருந்து ஆள் எடுத்தார்கள். அந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் நேட்டால் தோட்ட முதலாளிகளும் கேட்டார்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து 342 பேரோடு டர்பன் வந்து சேர்ந்தது. 1911 வரை 384 கப்பல் பயணங்களில் 1,52,184 பேர் வந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கமாக மெட்ராஸில் ஏறியவர்கள்.

நடந்து வீட்டுக்குப் போகலாம்

இந்தப் பாடத்தின் மூன்றாவது வகுப்பில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். குடிசை வரிச் சீட்டும் கூலிச் சீட்டும் ஒவ்வொரு மேசையிலும் இருந்தன. துணைக் கேள்வி: "வரி கட்டுவதற்காக ஒரு ஜூலு குடும்பம் தோட்ட வேலைக்குப் போக வேண்டியிருந்ததா?"

கணக்கு எளிது. ஒரு வீட்டில் மூன்று குடிசை என்றால் வருஷத்துக்கு 21 ஷில்லிங். மாதம் 10 ஷில்லிங் கூலி என்றால் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் உழைத்தால் வரி தீர்ந்துவிடும். இந்தியத் தொழிலாளிக்குத் தந்த கூலியையே ஜூலு ஆளுக்கும் தருவதாக நாமாக வைத்துக்கொண்டோம், அது நம் அனுமானம் என்று சீட்டின் ஓரத்தில் எழுதச் சொன்னேன். எழுதினார்கள். ஒரு பையன் குறுக்கிட்டான்: மாடு ஒன்றை விற்றால் வேலைக்கே போக வேண்டாமே? அதுவும் சரி. மக்காச்சோளம் விற்றும் கட்டினார்கள் என்றேன்.

பின்வரிசையில் ஒருவன் எழுந்து, "அப்போ இரண்டு மாதம் வேலை செய்துவிட்டு வீட்டுக்கு நடந்து போய்விடலாம்" என்றான். யாரோ சிரித்தார்கள். நான் கரும்பைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் சொன்னேன். வெட்டிய கரும்பைச் சீக்கிரம் ஆலையில் கொடுக்க வேண்டும், கிடந்தால் சாறு கெட்டுவிடும். வெட்டுக் காலம் மாதக்கணக்கில் ஓடும். நடுவில் ஆள் போய்விட்டால் ஆலை நின்றுவிடும்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம்தான். முன்வரிசையில் இருந்த தமிழ்ப் பெண் ஒருத்தி கையைத் தூக்காமலே சொன்னாள்: "அவர்களுக்கு வேண்டியது வீட்டுக்கு நடந்து போக முடியாத ஆள்."

அதைப் பலகையில் எழுதிவிட்டு நான் ஓரமாக நின்றுகொண்டேன். நிலமும் மாடும் பக்கத்தில் இருப்பவன் வேண்டாம் என்று சொல்ல முடியும். நடுவில் கடல் இருப்பவனால் முடியாது. தோட்டத்தை விட்டு வெளியே போகவே அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டமும் அப்போது பிள்ளைகளுக்கு விளங்கியது. "சோம்பேறி" என்ற சொல் அன்று வகுப்பில் யார் வாயிலும் வரவில்லை. அதைப் போய்ச் சுட்டிக்காட்ட வேண்டிய தேவையும் எனக்கு இல்லாமல் போனது.

காலனி அரசுக்கும் கட்டாய வேலை ஒன்றும் புதிதில்லை என்பதையும் காட்ட வேண்டியிருந்தது. ஜூலு தலைவர்கள் சாலை வேலைக்கு ஆள் அனுப்பியே ஆக வேண்டும் என்று ஓர் ஏற்பாடு நேட்டாலில் இருந்தது. அதன் பெயர் இசிபாலோ. பெயரைப் பலகையில் எழுதியதும் ஜூலு பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மேம், பாலா என்றால் எழுது. இது எழுதப்படுவது" என்றான் ஒருவன். பெயரை எழுதிக்கொண்டு போவது. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் சொல்வதும் அதுதானே: ஏஜெண்ட் வந்தான், பேர் எழுதிக்கொண்டான், கப்பல் ஏற்றினான். இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தோம். இது எங்கள் திட்டத்தில் இல்லை. ஜூலு தெரிந்த பிள்ளைகள் வகுப்பில் இருந்ததால் கிடைத்தது.

ஒட்டிய காகிதம்

கப்பல் பட்டியல்தான் எங்களை அதிகம் சோதித்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம். நடுவில் ஜாதி என்று ஒரு கட்டம்.

அதை மறைப்பதா வேண்டாமா என்று நாலு பேரும் ஒரு சனிக்கிழமை முழுக்கப் பேசினோம். இங்கே ஜாதி வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை, ஆனால் கல்யாணப் பேச்சில் எட்டிப் பார்க்கும். பிள்ளைகளைப் புண்படுத்தக் கூடாது என்று மறைக்கவே முடிவு செய்தோம். வெள்ளைக் காகிதத்தை நீளமாக வெட்டி அந்தக் கட்டத்தின் மேல் ஒட்டி நகல் எடுத்தேன். என் கையில் இருந்த ஒட்டிய பக்கத்தை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினால், இரண்டு பிள்ளைகள் அதை ஜன்னலில் வைத்து வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருக்கிறார்கள். மறைத்ததாலேயே அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான் முக்கியம் என்று ஆகிவிட்டது.

அடுத்த வகுப்பில் காகிதத்தை எடுத்துவிட்டேன். ஆட்களின் பெயர்களை மட்டும் மறைத்துவிட்டு மூன்று கேள்வி கேட்டேன். இந்தக் கட்டத்தை வரைந்தது யார்? பதில் சொன்னது யார்? எழுதினவருக்கு அந்த மொழி தெரியுமா? எந்தத் தாளை எடுத்தாலும் அதை எழுதியது யார், எப்போது, எதற்கு என்று முதலில் கேட்பது வரலாற்றாசிரியர்களின் பழக்கம் என்பதை அமெரிக்க ஆய்வாளர் சாம் வைன்பர்க் 1991இல் தன் ஆய்வில் காட்டினார். பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் இந்தக் கட்டத்தில்தான் வந்தது. உயரம், தழும்பு, ஜாதி எல்லாமே ஓடிப்போனால் கண்டுபிடிக்க எழுதியவை போலிருக்கிறது என்று ஒருவன் எழுதினான். எல்லாவற்றையும் அது விளக்காது, ஆனாலும் நல்ல வாதம். முழு மதிப்பெண் கொடுத்தேன்.

இரண்டு வீடுகளிலிருந்து போன் வந்தது. ஒரு தகப்பனார் கோபமாகவே பேசினார்: "டீச்சர், எங்கள் வீட்டில் இல்லாததை நீங்கள் ஏன் கிளப்புகிறீர்கள்?" அவரைப் பள்ளிக்கு வரச் சொல்லி, அதே பக்கத்தை முன்னால் வைத்தேன். பட்டியலில் பெரும்பாலோர் ஒற்றைப் பெயரோடுதான் வந்திருக்கிறார்கள், இன்று நாம் குடும்பப் பெயராக வைத்திருக்கும் கோவேந்தர், மூட்லி, பிள்ளை எல்லாம் அப்படியே கப்பலில் இறங்கியவை என்று சொல்ல முடியாது என்று காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சம்மதித்தார் என்று சொல்ல மாட்டேன். பிள்ளையை வகுப்பிலிருந்து எடுக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை பட்டியலைக் காட்டுவதற்கு முன்பே பெற்றோரைக் கூப்பிட்டு இந்தப் பக்கத்தைக் காட்டிவிட வேண்டும். அதைச் செய்யாதது எங்கள் தவறு.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் இந்தப் பட்டியல் போனது. ஆங்கில எழுத்தில் ட்ரிச்சினோபோலி, டாஞ்சோர் என்று இருப்பதைத் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் என்று எழுதிப் பார்த்தார்கள். மூன்சாமி என்ற பெயரில் நின்றுவிட்டார்கள். அது முனுசாமியா, முனிசாமியா? குமாஸ்தாவின் காதில் விழுந்ததுதான் தாளில் இருக்கிறது. இரண்டையும் எழுதி நடுவில் கேள்விக்குறி போடச் சொன்னேன். தமிழ் எழுத்தை எதற்குக் கற்க வேண்டும் என்று வாராவாரம் கேட்கும் பையன்தான் அன்று கடைசி வரைக்கும் உட்கார்ந்து எழுதினான்.

தேர்வும் நேரமும்

இந்தப் பாடத்துக்கு ஏழு மணி நேரம் போய்விட்டது. பிரிட்டன் தொழிற்புரட்சியை இரண்டே வகுப்பில் ஓட்டினேன், பிள்ளைகளுக்கு அது சரியாகப் பதியவில்லை. பருவத் தேர்வில் "இந்தியத் தொழிலாளர்கள் நேட்டாலுக்கு வந்ததற்கு இரண்டு காரணங்கள் தருக" என்று வந்தது. விடைக்குறிப்பு எதிர்பார்த்தது இரண்டு வரி. என் பிள்ளைகளில் சிலர் ஒரு பக்கம் எழுதி, அடுத்த கேள்விக்கு நேரமில்லாமல் விட்டுவிட்டார்கள். நன்றாக யோசிக்கிற பிள்ளைகள்தான் மதிப்பெண் இழந்தார்கள். எங்கள் குழுவில் ஒருவர் இதனாலேயே இந்த முறையை விட்டுவிடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் கவலை உண்மையானது. இப்போது வாதம் எழுதும் வகுப்புக்கு மறுநாளே, அதே வாதத்தை இரண்டு வரியில் சுருக்கி எழுதும் பயிற்சியையும் வைத்திருக்கிறோம்.

பலன் இருந்ததா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கிம்பர்லி வகுப்பைத்தான். 1867இல் வைரம் கிடைத்தது, சுரங்கத்துக்கு ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் தூரத்திலிருந்து வந்தார்கள் என்று தொடங்கினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "மேம், இவர்கள் நடந்து வீட்டுக்குப் போகலாமே. எப்படி நிறுத்தினார்கள்?" 1880களில் சுரங்கக் கம்பெனிகள் கட்டிய, வேலியடைத்த குடியிருப்புகளின் படம் நாலு பக்கம் தள்ளி இருந்தது. அவர்களாகவே புரட்டிப் போய்க் கண்டுபிடித்தார்கள். கேட்டவன் தமிழ்ப் பையன்.

வகுப்பு முடிவில் பதில் கிடைக்காத கேள்விகளை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்வேன். இந்த முறை பாதிக்கு மேல் பெண்களைப் பற்றியவை. நூறு ஆண்களுக்கு 40 பெண்களாவது இருக்க வேண்டும் என்று பிற்பாடு விதி வைத்தார்கள் என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தேன். ஒரு சீட்டில் இப்படி இருந்தது: "அந்த 40 பேரில் தனியாக வந்தவர்கள் யாரை விட்டுவிட்டு வந்தார்கள்?" எங்கள் ஐந்து ஆதாரங்களில் இதற்கு ஒன்றும் இல்லை. வெஸ்ட்வில்லில் உள்ள குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்துக்கு விடுமுறையில் போவதாக இருக்கிறோம். தனியாக வந்த பெண்கள் உள்ள பக்கங்களாகப் பார்த்து நகல் எடுக்க வேண்டும். ஜனவரி கடைசிக்குள் எடுத்தால்தான் பிப்ரவரி வகுப்புக்கு ஆகும்.